கரையில் நின்று கப்பல் ஓட்டியவர்கள்

குளிர்காலம் வந்தால் மனிதர்கள் கம்பளிக்குள் புகுந்துகொள்வார்கள். ஐரோப்பாவில் ஒரு கூட்டம் மட்டும் அப்போதுதான் குளத்தங்கரைக்குக் கிளம்பும். ஆளுக்கு ஒரு டப்பா, டப்பாவில் இரண்டு குச்சி. தண்ணீரில் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு பாய்மரப் படகு. அதற்கு மோட்டார் கிடையாது, உள்ளே ஆளும் கிடையாது. ஒரு குச்சியை அசைத்தால் சுக்கான் திரும்பும். இன்னொன்றை அசைத்தால் பாய்க்கயிறு இறுகும் அல்லது தளரும். மற்றதெல்லாம் வாயு பகவான் இஷ்டம். இப்படிப் பத்துப் பதினைந்து படகு சேர்ந்தால் பந்தயம்.

இது பிள்ளை விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். ‘இன்டர்நேஷனல் ஒன் மீட்டர்’ வகைப் படகு நான்கு கிலோவுக்குக் குறையக் கூடாது. பாய்ப்படகுப் பந்தயங்களின் உலக விதிப் புத்தகத்தில் ரேடியோ படகுகளுக்கென்றே ஒரு தனி இணைப்பு உண்டு. வலப்பக்கம் காற்று வாங்கும் படகுக்கு, இடப்பக்கம் காற்று வாங்கும் படகு வழிவிட வேண்டும். தப்பு செய்தால் தண்டனையாக ஒரு வட்டம் அடிக்க வேண்டும். பேரன் பேத்தி எடுத்தவர்கள் மூக்கில் நீர் ஒழுக, ‘வலப்பக்கம், வலப்பக்கம்’ என்று ஒருவரை ஒருவர் பார்த்துக் கத்திக்கொண்டு நிற்பார்கள்.

ரேடியோ வருவதற்கு முன்னால் நிலைமை இன்னும் மோசம். படகைக் காற்றில் விட்டுவிட்டு, நீளக் கழியோடு குளக்கரையில் கூடவே ஓட வேண்டும். கரையில் முட்டினால் கழியால் தள்ளித் திருப்பிவிட வேண்டும். படகு நடந்து போகும், முதலாளி ஓடிப் போவார்.

இந்த ஓட்டத்துக்கு முடிவு கட்டப் பிள்ளையார் சுழி போட்டவர் நிகோலா டெஸ்லா. 1898-இல் நியூயார்க்கின் மேடிசன் சதுக்க மண்டபத்தில், ஒரு தொட்டித் தண்ணீரில் கம்பியில்லாமல் ஒரு சின்ன இரும்புப் படகை ஓட்டிக் காட்டினார். கூட்டம் வாயைப் பிளந்தது. மந்திரம் என்றார்கள் சிலர். மனோசக்தி என்றார்கள் சிலர். உள்ளே பழக்கிய குரங்கு உட்கார்ந்து ஓட்டுகிறது என்று சொன்னவர்களும் உண்டாம்.

குரங்குக் கட்சியைப் பார்த்து உலகம் இன்றுவரை சிரிக்கிறது. சரித்திரம் படித்தவன் சிரிக்க மாட்டான். கரையில் நின்றுகொண்டு தூரத்துப் படகை ஓட்டும் வேலையை டெஸ்லாவுக்கு ஏறத்தாழ 180 வருடத்துக்கு முன்பே நம் ஊர்ப் பக்கம் செய்து பார்த்துவிட்டார்கள். சென்னைக்குத் தெற்கே, சிறுசேரியிலிருந்து கிழக்கே பக்கிங்ஹாம் கால்வாயையும் உப்பங்கழியையும் தாண்டினால் வருகிற கோவளத்தில்தான் அந்தப் பந்தயம் நடந்தது. அங்கே போட்டியிட்ட ஒவ்வொரு படகுக்குள்ளும் ஒரு குரங்கு இருந்தது.

முதல் சுற்று: கடலில்லாத ஊரின் கம்பெனி

ரிமோட்டைக் கையில் வைத்திருந்தவர் ஆஸ்திரியாவை ஆண்ட புனித ரோமானியச் சக்கரவர்த்தி ஆறாம் கார்ல். அவர் குடியிருந்த வியன்னாவில் கடல் கிடையாது. கடல் இல்லாதவனுக்குத்தான் கப்பல்மேல் ஆசை அதிகம். இன்றைய பெல்ஜியம் அப்போது அவர் கைக்கு வந்திருந்தது. அதில் ஆஸ்டெண்டு என்று ஒரு துறைமுகம். ஆங்கிலேயனும் டச்சுக்காரனும் கிழக்கே போய்க் கொழிப்பதைப் பார்த்து வயிறெரிந்த ஆஸ்டெண்டு வியாபாரிகள், 1719 வாக்கில் கோவளத்தில் வந்து இறங்கினார்கள். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் இடம் கொடுத்தார். போட்டிக்கு எத்தனை வெள்ளைக்காரன் வந்தாலும் நவாபுக்கு நஷ்டமில்லை. வாடகை ஏறும்.

1722 டிசம்பரில் சக்கரவர்த்தி முப்பது வருடத்துக்குச் சாசனம் எழுதிக் கொடுத்தார். அடுத்த வருடம் ஆன்ட்வெர்ப்பில் பங்கு விற்றார்கள், முதலீடு 60 லட்சம் கில்டர். ஐரோப்பாவின் வரைபடங்களில் நம் கோவளம் ‘கபெலோன்’ என்ற பெயரோடு உட்கார்ந்துகொண்டது.

இப்போது படகுக்குள் எட்டிப் பார்ப்போம். கப்பலில் பறப்பது சக்கரவர்த்தியின் கொடி. ஓட்டுகிறவர்களில் கணிசமானவர்கள் இங்கிலீஷ்காரர்கள், ஸ்காட்லாந்துக்காரர்கள், டச்சுக்காரர்கள். சொந்த ஊர்க் கம்பெனி தங்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை, அல்லது சொந்த ஊர் ராஜாவைத் தங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதால் எதிர்க்கடைக்கு வேலைக்கு வந்தவர்கள். லண்டன் கம்பெனியின் ஏகபோகத்தை லண்டன்காரனே வியன்னா பெயரில் ஏமாற்றினான். குரங்கு நம்பர் ஒன்று.

ரிமோட்டின் வேகத்தையும் சொல்ல வேண்டும். இங்கிருந்து ஒரு கேள்வி எழுதினால் ஐரோப்பா போய்ச் சேர ஆறேழு மாதம். அங்கே பெரியவர்கள் கூடிப் பேசி, கையெழுத்துப் போட்டு, அடுத்த பருவத்துக் கப்பலில் பதில் ஏற்றினால் கேட்டவன் கைக்கு வர ஒன்றரை வருடம். ‘மிளகு மலிவாக இருக்கிறது, வாங்கலாமா?’ என்று கேட்டவனுக்கு ‘வாங்கு’ என்று பதில் வரும்போது மிளகு தீர்ந்திருக்கும், சில சமயம் கேட்டவனே தீர்ந்திருப்பான். ஆகவே கோவளத்தில் இருந்தவன் தனக்குத் தோன்றியதைச் செய்துவிட்டு, ‘உத்தரவுப்படியே’ என்று எழுதிவைத்தான். கிழக்கிந்தியக் கம்பெனிகளின் நிர்வாகக் கலை என்பது இவ்வளவுதான்.

படகு நன்றாகத்தான் ஓடியது. அதுதான் தப்பாய்ப் போயிற்று. லண்டனும் ஆம்ஸ்டர்டாமும் ‘கடையை மூடு’ என்று குதித்தன. சக்கரவர்த்திக்கோ வீட்டில் ஒரு கவலை. ஆண் வாரிசு இல்லை. மூத்த மகள் மரியா தெரேசா பட்டத்துக்கு வரவேண்டும், அதை ஐரோப்பிய ராஜாக்கள் எல்லாரும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடவேண்டும். இங்கிலாந்து கையெழுத்துக்கு விலை சொன்னது: ஆஸ்டெண்டு கம்பெனி. பெண்ணைப் பெற்றவர் என்ன செய்வார்? 1727-இல் ஏழு வருடத்துக்கு நிறுத்திவைத்தார். 1731-இல் ஒரேயடியாக இழுத்து மூடச் சம்மதித்தார். முப்பது வருடச் சாசனம் ஐந்தாவது வருடமே அணைந்துவிட்டது. மகளுக்குச் சீராகக் கோவளத்தையே எழுதிக் கொடுத்த தகப்பனார் சரித்திரத்தில் இவர் ஒருவர்தான்.

பலன்? 1740-இல் அவர் கண்ணை மூடினார். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, பிரஷ்ய ராஜா மகளின் சொத்தில் கை வைத்தார். கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேருக்கு ஞாபக மறதி. இங்கிலாந்து மகள் பக்கம், பிரான்ஸ் எதிர்ப்பக்கம். எட்டு வருடச் சண்டை. வியன்னாவில் நடந்த சொத்துத் தகராறுக்குச் சென்னையில் பீரங்கி வெடித்த கதைதான் அடுத்த சுற்று.

இரண்டாம் சுற்று: ஒரு படகு, இரண்டு ரிமோட்

ரிமோட் படகு விளையாட்டில் பழம் தின்று கொட்டை போட்டவர்களைக் கேட்டால் ஒரு பழைய தலைவலியைச் சொல்வார்கள். முன்பெல்லாம் ஒவ்வொரு ரிமோட்டுக்கும் ஓர் அலைவரிசைப் படிகம். இரண்டு பேர் ஒரே படிகத்தைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டால், இவர் குச்சியை அசைக்க அவர் படகு திரும்பும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வந்த பிறகுதான் இந்தத் தொல்லை ஒழிந்தது. 1746-இல் அது வந்திருக்கவில்லை.

அந்த வருடம் செப்டம்பரில், மொரீசியஸ் கவர்னராக இருந்த லபூர்தொனே ஒரு கப்பற்படையோடு வந்து சென்னையைப் பிடித்தார். பெரிய சண்டை என்று சொன்னால் கோட்டைக்கே சிரிப்பு வரும். பிடித்த கையோடு ஆங்கிலேயரிடம் பேரம் பேசினார்: 11 லட்சம் பகோடா கொடுத்தால் ஊரைத் திருப்பித் தருகிறேன். புதுச்சேரியில் இருந்த கவர்னர் துய்ப்ளேக்குத் தகவல் போனது. ‘விற்க நீ யார்? சென்னை என் கட்டுப்பாட்டில்’ என்றார் அவர். துய்ப்ளேயோ அப்போதைய ஆற்காட்டு நவாப் அன்வருத்தீனிடம், பிடித்துத் தருகிறேன் என்று சொல்லி அதே சென்னையை ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார். ஒரே ஊரை இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் இரண்டு பேருக்கு விற்றார்கள். பத்திரப் பதிவு அலுவலகம் இல்லாத குறை.

இருவரும் கடிதம்மேல் கடிதமாக எழுதிக்கொண்டிருக்க, நடுவில் மூன்றாவது ரிமோட்காரர் ஒருவர் நுழைந்தார். ஐப்பசி வாசலில் சென்னைக் கடலில் நங்கூரம் போட்டு நிற்கக் கூடாது என்பது கரையில் வலை உலர்த்தும் சிறுவனுக்கும் தெரியும். துறைமுகமே இல்லாத ஊர் அது. கப்பல் திறந்த கடலில் நிற்கும். ஆணியே அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகில்தான் சரக்கும் சீமாட்டிகளும் கரை சேர வேண்டும். வாடைக்காற்று திரும்பும் நேரம் பார்த்துப் பேரம் பேசிக்கொண்டிருந்த லபூர்தொனேயின் கப்பல்கள்மேல் அக்டோபர் 13 ராத்திரி புயல் அடித்தது. சில கப்பல்கள் மூழ்கின. மிஞ்சியவை பாய்மரம் முறிந்து மொட்டையாக மிதந்தன. நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின. லபூர்தொனே கிடைத்ததை ஒட்டுப்போட்டுக்கொண்டு ஊரைவிட்டே கிளம்பினார். பாரிசில் அவரை வரவேற்றது பாஸ்டில் சிறை.

துய்ப்ளே பக்கத்தில் இருந்து இதையெல்லாம் பார்த்து, ராத்திரி வீட்டுக்குப் போய் ஒன்றுவிடாமல் தமிழில் எழுதிவைத்த மனிதர் ஆனந்தரங்கப் பிள்ளை. துரைமார் ரிமோட்டை ஆளுக்கொரு பக்கம் இழுக்க, பிள்ளை நாட்குறிப்பில் நேரம், கிழமை, வதந்தி, பாக்கு விலை எல்லாம் ஏறிக்கொண்டிருந்தது. சிறுசேரி மென்பொருள் கம்பெனிகளில் லாக் ஃபைல் படித்தே கண் கெட்டவர்களுக்கு அவர்தான் குலதெய்வமாக இருக்கத் தகுதியானவர்.

வாக்குக் கொடுத்த சென்னை வராததால் நவாபின் மகன் மாபூஸ்கான் படையோடு வந்தார். அடையாற்றங்கரையில் அடி வாங்கித் திரும்பினார். கடைசியில் 1748-இல் ஐரோப்பாவில் சமாதானம். கனடாவில் இருக்கும் லூயிபூர்க் கோட்டையைப் பிரான்சுக்குக் கொடுத்து, சென்னையை இங்கிலாந்து திரும்ப வாங்கிக்கொண்டது. சென்னைவாசிகளையும் கேட்கவில்லை, கனடாக்காரர்களையும் கேட்கவில்லை. ஊர் திரும்பி வந்தது. ஊரிலிருந்த பீரங்கிகள் திரும்பி வரவில்லை. அவற்றைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் சுற்று: மஞ்சள் முகத்துக்காரர்கள்

ஆஸ்டெண்டுக்காரர்களின் இடிந்த கட்டடத்துக்குப் பக்கத்தில் நவாப் அன்வருத்தீன் கோவளத்தில் ஒரு கோட்டை கட்டியிருந்தார். அகழி இல்லை. ஆனால் வட்டக் கோபுரங்களோடு கெட்டியான மதில். 1750 தொடக்கத்தில் அந்தக் கோட்டைக்கு எதிரே ஒரு பிரெஞ்சுக் கப்பல் வந்து நின்று ஆபத்துக் குறி காட்டியது. போய்ப் பார்த்தால், ‘ஸ்கர்வி நோய், பாதிப் பேர் போய்விட்டார்கள், மீதிப் பேரைக் கரையில் சேர்க்காவிட்டால் நாங்களும் போய்விடுவோம்’ என்று ஒரே ஓலம். கோட்டைத் தலைவருக்கு மனம் இளகியது. கைமாறாக நல்ல காசு வரும் என்ற நினைப்பும் இளக்கத்துக்கு உதவியது.

முப்பது பேர் இறங்கினார்கள். கப்பலிலேயே மெலிந்து மஞ்சளடித்த முகங்களாகத் தேடிப் பொறுக்கியிருந்தார்கள். ஒருவன் நொண்ட, ஒருவன் முனக, ஒருவன் இரும, உள்ளே போனார்கள். சட்டைக்குள் ஆயுதம். இரவில் நோயாளிகள் எழுந்தார்கள், கோட்டை விழுந்தது. நாடகாசிரியர் பம்மல் சம்பந்த முதலியார் பிறப்பதற்கு நூறு வருடத்துக்கு மேல் இருக்கும்போதே இந்தக் கடற்கரையில் அரங்கேறிய நாடகம் இது. நோயாளிப் படகாகத் தெரிந்ததற்குள் முப்பது குரங்குகள்.

நான்காம் சுற்று: கிணற்றுக்குள் காவல்

1752 செப்டம்பர். இப்போது ரிமோட் சென்னைக் கவர்னர் தாமஸ் சாண்டர்ஸ் கையில். கோவளத்தையும் செங்கல்பட்டையும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடுங்க வேண்டும். கைவசம் இருந்த படையோ, லண்டன் சாராயக் கடைகளில் வாரிக் கப்பலேற்றிப் புதிதாக வந்து இறங்கிய 200 வெள்ளைக்காரர்கள், புதிதாகச் சேர்ந்த 500 சிப்பாய்கள். இவர்களோடு போனால் பெயர் கெட்டுவிடும் என்று மற்ற அதிகாரிகள் ஒதுங்க, ஆற்காட்டில் பெயர் வாங்கிய ராபர்ட் கிளைவ் ஒப்புக்கொண்டார். அவருக்கு அப்போது உடம்பும் சரியில்லை. பிழைத்தால் சீமைக்குப் போகலாம் என்ற நிலை.

கோவளம் வந்தாயிற்று. கோட்டையிலிருந்து சுட்டதில் ஓர் அதிகாரி விழுந்தார். அவ்வளவுதான், முன்னணிப் படை முழுவதும் திரும்பிச் சென்னையைப் பார்த்து ஓடியது. எதிரே வந்த கிளைவ் அடித்து உதைத்துத் திருப்பி அழைத்துவந்தார். மறுபடி ஒரு குண்டு பாறையில் பட்டுச் சிதறி, சில்லு தெறித்துப் பதினான்கு பேருக்குக் காயமும் சாவும். மறுபடியும் கலக்கம். முன்வரிசையில் காவலுக்கு நின்ற ஒருவரைக் காணவில்லை. பல மணி நேரம் தேடிய பிறகு ஒரு கிணற்றின் அடியில் கண்டுபிடித்தார்கள். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் அஸ்திவாரம் ஆழமானது என்று சொல்கிறார்களே, அது எந்த ஊர்க் கிணற்றில் இருந்தது என்பதை இனியாவது பாடப் புத்தகத்தில் சேர்க்கலாம்.

ஆனாலும் குண்டு பாயும் இடத்தில் கிளைவ் தாமே நின்று காட்டிக் காட்டி, அந்த ஓட்டப் படையை வெட்கப்பட வைத்துச் சண்டைக்குப் பழக்கினார். சில நாளில் பிரெஞ்சுத் தளபதி கோட்டையைக் கொடுத்துவிட ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை: என் சொந்தச் சாமான்களை எடுத்துப் போக அனுமதிக்க வேண்டும். சரி என்று உள்ளே நுழைந்தால், தளபதி சாமான் கட்டிக்கொண்டிருக்கிறார். எக்கச்சக்கமான வான்கோழிகள், மூட்டை மூட்டையாக மூக்குப்பொடி. மனிதர் கோட்டையில் இருந்துகொண்டு பக்கத்தில் இந்த வியாபாரம் பார்த்துவந்திருக்கிறார். வெர்சாயில் பதினைந்தாம் லூயி பிரெஞ்சு சாம்ராஜ்யத்தை ஓட்டுவதாக நினைத்துக்கொண்டிருக்க, கோவளத்தில் அவருடைய கோட்டை வான்கோழிப் பண்ணையாக ஓடிக்கொண்டிருந்தது. நம் பட்டியலில் எனக்குப் பிடித்த குரங்கு இவர்தான். சண்டைக்கு நடுவிலும் லாபம் பார்த்தவர்.

நினைவில் வைக்கச் சொன்னேனே, அந்தப் பீரங்கிகள்? கோட்டை மதிலில் இருந்தவை போக, உள்ளே பெரிய பெரிய பீரங்கிகள் ஐம்பது கிடந்தன. பார்த்தால் எல்லாம் சென்னையில் லபூர்தொனே 1746-இல் அள்ளிக்கொண்டு போனவை. வியன்னா மகளின் பட்டத்துக் கணக்கு ஒருவழியாகக் கோவளத்தில் நேரானது.

செங்கல்பட்டிலிருந்து உதவிக்குக் கிளம்பிய பிரெஞ்சுப் படைக்குக் கோட்டை விழுந்த செய்தி போகவில்லை. வழியில் மறைந்திருந்த கிளைவின் ஆட்கள் சுட்ட முதல் சூட்டில் ஏறத்தாழ நூறு பேர் சாய்ந்தார்கள். இங்கே சிரிப்பை நிறுத்திக்கொள்ள வேண்டும். தாமதமாக வந்த தகவலுக்கு விலை கொடுத்தவர்களில் பெரும்பாலோர் இந்த மண்ணின் சிப்பாய்கள். செங்கல்பட்டுக் கோட்டையும் பணிந்தது. கோவளம் கோட்டையை ஆங்கிலேயர்களே வெடி வைத்துத் தகர்த்தார்கள். கிளைவ் அடுத்த பிப்ரவரியில் ஜார்ஜ் கோட்டை மேரி தேவாலயத்தில் கல்யாணம் செய்துகொண்டு சீமைக்குக் கப்பலேறினார்.

கயிறு கட்டிய ரிமோட்

இந்தக் கடற்கரையில் நிஜமாகவே சொன்னபடி கேட்ட படகுகள் கால்வாயில் ஓடியவைதான். காக்கிநாடாவிலிருந்து விழுப்புரம் பக்கம் வரை 796 கிலோமீட்டர் நீளும் கால்வாய், சிறுசேரிக்குக் கிழக்கே போகிறது. 1876-78 பஞ்சத்தில், கஞ்சிக்கு உழைத்தவர்கள் சென்னை நகருக்குள் வடக்கையும் தெற்கையும் வெட்டி இணைத்தார்கள். வெட்டியவன் பெயர் எங்கும் இல்லை, கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் கோமகன் பெயர் வந்துவிட்டது. காற்று சாதகமானால் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் கரையில் ஆள் இறங்கிக் கயிறு கட்டி இழுப்பார். உப்பும் நெல்லும் விறகும் அப்படித்தான் சென்னை வந்தன. கரையில் நின்று படகை ஓட்டியவர்களில் நேர்மையானவர் அந்தக் கயிற்றுக்காரர் ஒருவரே. அவர் இழுத்தால் படகு வந்தது. வராவிட்டால் அவர் தோள்தான் காய்த்தது.

கடலிலும் அப்படியே. பெருங்கப்பலுக்கும் கரைக்கும் நடுவே அலை மலையாக நிற்கும்போது, நீர் புகாத கூம்புத் தொப்பிக்குள் துரையின் கடிதத்தை வைத்துக்கொண்டு கட்டுமரத்தில் போனார்களே, அவர்கள்தான் அன்றைய அலைவரிசை. கவிழ்ந்தாலும் கட்டுமரத்தில் ஏறி உட்கார்ந்து கடிதத்தைச் சேர்த்தார்கள். ரிமோட்டும் படகும் பெயர் வாங்கின. நடுவில் இருந்த சிக்னல் நனைந்தபடி வீட்டுக்குப் போனது.

இப்போது ரிமோட் கை மாறியிருக்கிறது. கோட்டை இருந்த கோவளக் கரையில் நட்சத்திர ஓட்டல். சிறுசேரி சிப்காட்டில் இரவு முழுக்க விளக்கு எரிய, நம் பிள்ளைகள் ஐரோப்பிய வங்கிகளின் கணினிகளை இங்கிருந்தே ஓட்டுகிறார்கள். பதில் ஒன்றரை வருடத்தில் அல்ல, ஒன்றரை நொடியில் வரவேண்டும் என்று அங்கே இருப்பவர்கள் கோபப்படுகிறார்கள். சாதத்துல்லா கான் இருந்திருந்தால் வாடகையை ஏற்றியிருப்பார்.

அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. வாரம் ஐந்து நாள் கண்ணுக்குத் தெரியாத எதையோ தூரத்திலிருந்து ஓட்டுகிறீர்கள். ஆறாவது நாள் கண்ணெதிரே ஒரு படகை ஓட்டிப் பாருங்கள். வெள்ளைக்காரன் குளிர்காலத்தில் விரல் விறைக்க விளையாடுவதை நாம் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு விளையாடலாம். மார்கழி, தையில்தான் நம் ஏரிகளில் தண்ணீர் இருக்கிறது. அப்போதுதான் வாடையும் கொண்டலும் ஒழுங்காக வீசுகின்றன. சித்திரையில் பந்தயம் வைத்தால் படகுக்குச் சக்கரம் கட்ட வேண்டியிருக்கும். முழு ஒரு மீட்டர் படகு அதிகம் என்று தோன்றினால் 65 சென்டிமீட்டர் நீளத்தில் ஆர்ஜி-65 என்று ஒரு வகை உண்டு. அர்ஜென்டினாக்காரர்கள் தொடங்கிவைத்தது, வீட்டிலேயே செய்துகொள்ளலாம். கேட்பாரற்ற ஒரு குளம், மூன்று மிதவை, நான்கு நண்பர்கள் போதும். ஐந்தாவதாகக் கோவளத்திலிருந்து ஒரு மீனவப் பெரியவரைக் கூப்பிட்டு நடுவராக உட்கார வையுங்கள். காற்று எப்போது திரும்பும் என்று உங்கள் கைப்பேசிக்கு முன்னால் அவர் சொல்லுவார்.

இத்தனை சரித்திரத்துக்குப் பிறகு என் தீர்ப்பு இது: கார்ல் முதல் துய்ப்ளே வரை தூரத்தில் இருந்து ஓட்டியவர்கள் எல்லாரும் தோற்றதற்குக் காரணம், படகுக்குள் ஆள் இருந்ததுதான். பொம்மைப் பாய்ப்படகுக்குள் ஆள் இல்லை. அது தோற்றால் தோற்றது நீங்கள். உலகத்தில் அப்படிப் பழி போட ஆளில்லாத ஒரே கப்பற்படை அதுதான், தைரியமாகத் தளபதி ஆகலாம்.